கேளுங்கள், சொல்கிறேன்: ஆளில்லா ஆயுதங்கள்

கடந்த இதழில் ட்ரோனின் நாலு விசிறிகளும் சேர்ந்து அதை எப்படித் தூக்குகின்றன என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் விசிறியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. யுத்தத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது இயல்பு. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என் மகன் கலியாண வீடுகளுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் ட்ரோன் விட்டுப் படம் எடுக்கிறான். உக்ரைன் சண்டையில் பாவிப்பதும் இதே சாமான்தான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா? நான் பயப்பட வேண்டுமா?
— ஒரு தாய், சுன்னாகம்

அவர் சொன்னது சரிதான், அம்மா. 2022 இல் சண்டை பெருத்தபோது இரண்டு பக்கமும் கடையில் விற்கிற மவிக் ட்ரோன்களை வாங்கித்தான் எதிரியின் பதுங்குகுழிகளைப் பார்த்தார்கள். அதைச் செய்யும் டிஜேஐ என்ற சீன நிறுவனம் அந்த ஏப்ரலிலேயே இரு நாடுகளிலும் வியாபாரத்தை நிறுத்தியது. ஆனாலும் வேறு நாட்டுக் கடைகள் வழியாகச் சாமான் போய்க்கொண்டே இருந்தது.

இன்னொரு வகையும் உண்டு. கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கமெரா காட்டுவதைப் பார்த்தபடியே ஓட்டுவது. பொழுதுபோக்குக்காகப் போட்டி விட்டவர்களின் விளையாட்டுச் சாமான் அது. இப்போது அதில் குண்டைக் கட்டி அனுப்புகிறார்கள். சில நூறு டொலர் பெறுமதியான பொருள், பல மில்லியன் டொலர் டாங்கியை முடித்துவிடுகிறது. என்னைக் கவலைப்படுத்துவது இந்த விலைதான். வானத்திலிருந்து அடிக்க ஒரு காலத்தில் அரசாங்கம் வேண்டியிருந்தது. 2007 மார்ச் 26 இரவு கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் புலிகள் குண்டு போட்டது சிறிய ரகப் பயிற்சி விமானங்களால்; அதையே உலகம் ஆச்சரியமாகப் பார்த்தது. இன்று அதற்கு ஓடுபாதையும் வேண்டாம், விமானியும் வேண்டாம்.

மகன் விடயத்துக்கு வருகிறேன். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் ட்ரோனைப் பதிந்து, அந்தக் கடதாசியைக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். பலாலி விமான நிலையப் பக்கமும் முகாம்களின் பக்கமும் விடவே கூடாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதைத் தடை செய்தார்கள். ஒரே அறிவித்தலில் நின்றுபோகக்கூடிய தொழில் இது. சாதாரணக் கமெராவில் படம் எடுக்கும் பழக்கத்தையும் அவன் விட்டுவிட வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவு தானே இலக்கைத் தெரிவு செய்து சுடும் ஆயுதம் வந்துவிட்டதா? அது பிழைவிட்டால் யாரிடம் கேட்பது?
— உயர்தர மாணவி, சாவகச்சேரி

பிள்ளை, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு உலகத்தில் இன்னும் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. முதலாவதைச் சொல்கிறேன்.

ட்ரோனை ஓட்டுபவருக்கும் ட்ரோனுக்கும் இடையில் இருப்பது றேடியோ அலை. அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டினால் தொடர்பு அறுந்துவிடும். உக்ரைனில் இரண்டு தரப்பும் இதைச் செய்தன. அதற்கு மாற்றாக 2024 இல் ரஷ்யா ட்ரோனின் பின்னால் கண்ணாடி இழையைக் கட்டி விட்டது. மீன்பிடி நரம்பு மாதிரியான மெல்லிய இழை பல கிலோமீற்றர் அவிழ்ந்துகொண்டே போகும். தகவல் இழைக்குள்ளால் போவதால் அதை றேடியோவால் குழப்ப முடியாது. அங்குள்ள வயல்களிலும் மரங்களிலும் அந்த இழை இன்றும் சிக்கிக் கிடக்கிறது. மற்ற வழி, கடைசிச் சில நூறு மீற்றருக்கு ட்ரோனே இலக்கைப் பிடித்துக்கொண்டு போகும்படி உள்ளே ஒரு சிறிய கணினியை வைப்பது. தொடர்பு அறுந்தாலும் அது போய் அடிக்கும். இப்படி ஒவ்வொரு இடைஞ்சலுக்கும் ஒவ்வொரு மாற்று என்று போய்த்தான் முடிவெடுக்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாக இயந்திரத்தின் கைக்கு மாறுகிறது. 2020 இல் லிபியாவில் பின்வாங்கிய படைகள் மீது, ஓட்டுநரின் தொடர்பு இல்லாமலே தாக்கக்கூடிய துருக்கியத் தயாரிப்பான கார்கு-2 பாவிக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2021 இல் எழுதியது.

2008 இல் நான் வன்னியில், இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு மரத்தடியில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆளில்லா வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அதன் இரைச்சல் கேட்டதும் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் சொல்லாமலே நிழலுக்குள் நகர்ந்துவிடுவார்கள். ஒருவரும் மேலே பார்க்க மாட்டார்கள், கொப்பியைத்தான் பார்ப்பார்கள். வண்டு பார்த்துவிட்டுப் போகும், பிறகு செல்லடியோ கிபிர் குண்டு விமானமோ வரும். பார்ப்பதற்கும் அடிப்பதற்கும் இடையில் கொஞ்ச நேரம் இருந்தது. எங்களுக்கு அது பங்கருக்குள் ஓடுகிற நேரம். அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு மனிதன் படத்தைப் பார்த்து, இது பள்ளிக்கூடமா முகாமா என்று முடிவெடுக்கிற நேரம். அவன் சரியாக முடிவெடுக்காததால் செத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் முடிவெடுத்தவன் என்று ஒருவன் இருக்கிறான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்றும் தெருவில் இருந்து பதில் கேட்பது, பதில் சொல்ல வேண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான். இந்தப் புதிய ஆயுதம் அந்த நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது, அந்த மனிதனையும் எடுத்துக்கொள்கிறது. நான் இதை எதிர்ப்பதற்குக் காரணம் அதுதான்.

“மனிதன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதாதா?” என்று கேட்பீர்கள். 2003 மார்ச் 23 அன்று குவைத் எல்லையில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி, ஈராக்கிலிருந்து திரும்பிவந்த பிரித்தானியாவின் டொர்னாடோ விமானத்தை எதிரி ஏவுகணை என்று அடையாளம் காட்டியது. முன்னால் இருந்தவர்களுக்கு யோசிக்க நேரமில்லை. கருவியை நம்பிச் சுட்டார்கள். சொந்தக் கூட்டணியின் விமானத்தில் இருந்த இருவரும் செத்துப் போனார்கள். மனிதன் இருந்தால் மட்டும் காணாது, பிள்ளை. மறுத்துச் சொல்ல அவனுக்கு நேரமும் தகவலும் வேண்டும்.

யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் கொல்கிற ஆயுதம் எங்களுக்குப் புதிதும் இல்லை. பளைக்குப் போகும் வழியில் முகமாலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே இரண்டு தரப்பும் மிதிவெடி புதைத்தார்கள். சண்டை 2009 இல் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் எங்கள் பெண்கள் அந்த வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். புதைத்தவன் செத்திருப்பான் அல்லது வெளிநாடு போயிருப்பான், வெடி மட்டும் காத்திருக்கும். மிதிவெடித் தடை உடன்படிக்கை 1997 இல் எழுதப்பட்டது. இலங்கை 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. 2025 இல் பின்லாந்து, போலந்து, மூன்று போல்ட்டிக் நாடுகள் அதிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அவர்களுக்கு ரஷ்யா மேல் உள்ள பயம் விளங்குகிறது. முகமாலையில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் வேறு வழி தேடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தானே சுடும் ஆயுதங்கள் பற்றி ஜெனிவாவில் 2014 முதல் பேசுகிறார்கள். ஒருமித்த சம்மதம் வேண்டும் என்பதால் ஒரு நாடு தலையாட்டாவிட்டாலும் பேச்சு நகராது. அதனால் விடயம் நியூயோர்க்கில் பொதுச்சபைக்குப் போனது. 2024 டிசம்பரில் இந்த ஆயுதங்கள் பற்றிய தீர்மானம் ஒன்றுக்கு 166 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. எதிர்த்தவை ரஷ்யா, பெலாரஸ், வடகொரியா மூன்றும்தான். 2026 க்குள் உடன்படிக்கை வேண்டும் என்று ஐ.நா. செயலாளர் நாயகமும் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத் தலைவரும் 2023 இல் சேர்ந்தே கேட்டார்கள். வாக்களிப்பு சட்டம் ஆகாது, அது உண்மை. ஆனால் நீங்கள் சட்டம் படிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த விடயத்தில் எங்கள் பக்கத்திலிருந்து பேச ஆள் தேவை.

லேசர் ஆயுதம் உண்மையில் உண்டா, அல்லது சினிமாவா?
— ஒரு வாசகர், கரவெட்டி

உண்டு. டிராகன்ஃபயர் என்ற லேசரால் பறக்கும் இலக்கைச் சுட்டுக் காட்டியதாகப் பிரித்தானியா 2024 ஜனவரியில் அறிவித்தது. ஒரு தடவை சுட ஏறக்குறைய 10 ஸ்ரேர்லிங் பவுண்தான் செலவு என்கிறார்கள். மலிவு ட்ரோனை விலையுயர்ந்த ஏவுகணையால் அடிக்கும் நட்டம் இதில் இல்லை. மழையும் மேகமும் புழுதியும் அதன் சக்தியைக் குடித்துவிடும். கண்ணைக் குருடாக்கும் லேசரை மட்டும் 1995 இலேயே, சண்டைக்களத்துக்கு வரும் முன்பே, தடை செய்துவிட்டார்கள். மேலே எழுதிய பிள்ளை இதையும் குறித்துக்கொள்ளட்டும். முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

கடலில் ஜீபிஎஸ் பொய் சொல்லுமா? என்னுடைய கருவி சில இரவுகளில் இடம் மாறிக் காட்டுகிறது.
— மீனவர் ஒருவர், குருநகர்

சொல்லும், அண்ணை. ஜீபிஎஸ் செய்மதிகள் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. கீழே வந்து சேரும் அலை மிகவும் பலவீனம். பக்கத்தில் இருந்து இரைச்சல் போட்டால் அது அமுங்கிவிடும். பொய்யான அலையை அனுப்பினால் கருவி அதையே நம்பும். 2017 ஜூனில் கருங்கடலில் நின்ற கப்பல்கள் பல, தாங்கள் தரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. இதே குழப்பத்தால் 2024 இல் பின்லாந்தின் பின்எயார் நிறுவனம் எஸ்தோனியாவின் டார்ட்டு நகருக்கு விமானம் விடுவதையே ஒரு மாதம் நிறுத்தியது.

உங்கள் கருவி விடயத்தில் முதலில் வீட்டுக் காரணத்தைப் பாருங்கள். உப்புக் காற்றில் அன்ரெனா வயர் பூட்டும் இடம் பச்சை பிடித்துவிடும். பற்றரி இறங்கினாலும் இப்படிக் காட்டும். கழற்றித் துடைத்து, பூட்டி, ஒரு கிழமை பாருங்கள். அப்போதும் மாறினால், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று கொப்பியில் எழுதுங்கள். கூட வந்த வள்ளங்களுக்கும் அதே நேரம் அதே பிழை என்றால் பழுது உங்கள் கருவியில் இல்லை. 1974 இலும் 1976 இலும் இந்தியாவுக்கும் எங்களுக்கும் இடையில் வரைந்த கடல் எல்லையை இரவில் பிழையாகக் கடந்தால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போக நேரும். ஆகவே திசைகாட்டி ஒன்று எப்போதும் வள்ளத்தில் இருக்கட்டும். வெளிச்சவீடு தெரிகிற தூரத்தில் நிற்கும்போதே கருவி காட்டுவதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வெளியே போங்கள்.