பார்கின்சனுக்கு நரம்பு செல்களைப் பொருத்தும்போது துணைச் செல்கள் எதற்கு?

பார்கின்சன் நோயில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள் (நியூரான்கள்) அழிகின்றன. அவற்றுக்குப் பதிலாக ஊசி வழியாக மூளைக்குள் வைக்கும் டோபமின் நியூரான்களில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. மீதி ஏன் சாகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

பெரும்பாலும் காரணம் ஊசியேதான். இயக்கத்தைக் கட்டுப்படுத்த உதவும் புட்டமென் என்ற மூளைப் பகுதிக்குள் அது இறங்கும்போது திசு கிழிகிறது. உடனே மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா விழித்துக்கொண்டு டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. புதிய நியூரான்கள் முதல் சில நாட்களிலேயே மடிகின்றன. நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து வளர்த்தவையும் தப்புவதில்லை. இது அந்நிய உறுப்பை உடல் நிராகரிப்பது போன்றதல்ல, காயத்தின் விளைவு. பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனைக் குழு 2023-இல் துணைச் செல்களால் இந்தச் சாவைக் குறைக்க ஒரு வழியைக் காட்டியது. அழற்சியை அடக்கும் நோயெதிர்ப்புச் செல்களான ஒழுங்குபடுத்து டி செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, நியூரான்களாக மாறவிருக்கும் முன்னோடிச் செல்களோடு சேர்த்துச் செலுத்தினார்கள். எலிகளில் டோபமின் நியூரான்கள் அதிகம் பிழைத்தன. இயக்கக் குறைபாடு விரைவாகச் சீரானது. தேவையற்ற செல்கள் பெருகுவதும் குறைந்தது. என் பார்வையில் இந்தக் கடைசிப் பலன் மிக முக்கியம், ஏனெனில் கட்டுப்பாடின்றி வளரும் செல் மூளைக்குள் கட்டியாகலாம்.

நியூரான்களுக்குத் துணையாக மூளையில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களைச் சேர்ப்பது இன்னொரு வழி. அவை வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து நியூரான்களைப் போஷிக்கின்றன.

சிக்கலும் உண்டு. டி செல்களை ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்திலிருந்தும் தனித்தனியே எடுத்து வளர்க்க வேண்டும். அழற்சிச் சூழலில் அவை அடக்கும் குணத்தையே இழந்துவிடவும் கூடும்.