தெய்வத்தின் சூழ்ச்சியா, எழுத்தாளரின் வசதியா?

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் நாவலை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கழிமுகத் தெய்வத்துக்குப் பயந்தேன். இரண்டாம் முறை பயம் போய்ச் சந்தேகம் வந்தது. முனைவிளக்கை அணைத்து ஊரைக் கடலுக்குக் கொடுப்பதற்காக அத்தெய்வம் எழுபது ஆண்டுகள் சூழ்ச்சி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால், அந்தச் சூழ்ச்சி பலிக்கும் இரவைப் பார்த்தால் எல்லாமே தற்செயலாக இருக்கின்றன. எண்ணெய் கொண்டுவரும் வள்ளம் அன்றைக்கென்று பிந்துகிறது. விளக்குக் காவலருக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வந்து, திறப்பை மருமகனிடம் கொடுக்கிறார். கதாநாயகியும் பகைவரின் மகளும் ஒரேமாதிரி மூக்குத்தி அணிந்திருந்ததால் ஆள்மாறாட்டம் நடக்கிறது. கடைசியில் தெய்வம் தோற்பதும் காற்றுத் திரும்பியதால்தான். இது தெய்வத்தின் சூழ்ச்சியா, எழுத்தாளரின் வசதியா? எல்லாம் ஊழ் என்று பதில் சொல்லிவிட மாட்டீர்கள் என நம்புகிறேன்.

வாசகி,
கொட்டாஞ்சேனை

அன்பின் வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் மேசையில் வைத்திருந்துவிட்டே பதில் எழுதுகிறேன். நீங்கள் சுட்டிய நான்கு இடங்களில் ஒன்று முழுமையாக என் பிழை. இன்னொன்று பாதிப் பிழை. மற்ற இரண்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பாதிப் பிழையிலிருந்து தொடங்குகிறேன். கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் லொத்தர் சீட்டு வாங்குகிற ஒருவருக்குப் பரிசு விழுந்தால், அவருக்கும் அவருடைய அயலட்டைக்கும் அது அதிர்ஷ்டம். சீட்டிழுப்பை நடத்துகிறவருக்கோ அதில் வியப்பதற்கு ஒன்றுமே இல்லை. இத்தனை சீட்டு விற்றால் யாரோ ஒருவருக்கு விழத்தான் வேண்டும். கழிமுகத் தெய்வத்தை நான் நினைத்தது சீட்டு வாங்குகிறவராக அல்ல, சீட்டிழுப்பை நடத்துகிறவராக. எழுபது ஆண்டுகளில் எத்தனை வள்ளங்கள், எத்தனை மாலுமிகள், எத்தனை ஓட்டைப் பீப்பாய்கள்! ஏதோ ஓர் இரவில் ஏதோ ஒரு வள்ளம் பிந்தும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும். எந்த இரவு என்பதுதான் தெரியாது. மிகப் பெரிய எண்ணிக்கையில் வாய்ப்புகள் கிடைத்தால் எத்தகைய விசித்திரமும் நடந்தே தீரும் என்று பேர்சி டயக்கோனிஸ், பிரெடரிக் மொஸ்ரெலர் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்கள் தற்செயல்களைப் பற்றிய 1989 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் வாதிட்டார்கள். ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்காவது பிறந்தநாள் ஒன்றாக இருப்பதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது என்பது பலரும் அறிந்த கணக்கு. வெள்ளவத்தைக் காலி வீதியில் முப்பது ஆண்டுகளாகக் காணாத பள்ளித் தோழனைக் கண்டு நாம் வாயைப் பிளக்கிறோம். வீசாவுக்கு வருகிறவரும், கல்யாணச் சேலை எடுக்க வருகிறவரும், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவரும் அந்த ஒரே வீதியில்தான் நடக்கிறார்கள் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

அப்படியென்றால் உங்களுக்கு ஏன் சந்தேகம் வந்தது? அங்கேதான் என் பிழை. முதல் கைப்பிரதியில் பலிக்காமற்போன முயற்சிகள் மூன்று அத்தியாயங்களுக்கு இருந்தன. ஓரிடத்தில் வள்ளம் பிந்துகிறது, ஆனால் காவலரிடம் பழைய எண்ணெய் மிச்சமிருக்கிறது. இன்னோரிடத்தில் எண்ணெயும் தீர்ந்துவிடுகிறது, ஆனால் அன்றிரவு நிலவு பட்டப்பகலாகக் காய்கிறது. கதை இழுபடுகிறது என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு அவற்றை வெட்டினேன். வெட்டியதும் வேகம் கூடியது. ஆனால், தோற்ற வலைகள் எல்லாம் மறைந்து மீன் பட்ட வலை மட்டும் வாசகர் கண்ணில் எஞ்சியபோது, தெய்வத்தின் பொறுமை வெறும் அதிர்ஷ்டமாகச் சுருங்கிவிட்டது. அவற்றில் இரண்டையாவது விட்டு வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் விடயத்தில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். இதற்கு எனக்கு ஆசான் நளன் கதை. தமயந்தியை நளன் மணந்த ஆத்திரத்தில் கலி என்ற தெய்வம் அவனைக் கெடுக்கப் புறப்படுகிறான். ஆனால், உடனே எதுவும் செய்ய முடியவில்லை. மகாபாரதத்தின் வனபருவத்தில் பன்னிரண்டாம் ஆண்டில்தான் அவனுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. கால் கழுவாமல் நளன் அந்திக்கடன் செய்கிறான். அந்த ஒரு தவறின் வழியாகக் கலி உட்புகுகிறான். புகழேந்தியின் நளவெண்பாவில் அந்தத் தவறு இன்னும் சிறியது. நளன் கால் கழுவவே செய்கிறான். பாதத்தில் ஒரு சிறு இடம் மட்டும் நனையாமல் விடுபட்டுப்போகிறது. நீர் படாமற்போனது தற்செயல்தான். அதைக் கலி உண்டாக்கவில்லை. ஆனால், பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். காவலரின் காய்ச்சலும் எனக்கு அந்த நனையாத இடம்தான். தெய்வம் காய்ச்சலை வரவழைக்கவில்லை. காவலருக்கு வேறு பிள்ளையில்லை, மருமகன் கடன்பட்டவன் என்பவற்றை அது ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறது. மருமகனின் கடன் வளர்ந்த கதைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறேன். காய்ச்சல் அந்த இரவில் வந்திராவிட்டால் அடுத்த மாரியில் வந்திருக்கும்.

இனி ஊழ். நீங்கள் வேண்டாமென்று முன்கூட்டியே தடுத்துவிட்டீர்கள். ஆனாலும் அதைத் தொடாமல் மூக்குத்திக்குப் போக முடியவில்லை.

நமது இலக்கியத்தில் தற்செயலுக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு சிலப்பதிகாரம். மதுரை போன்ற பெருநகரில் கோவலன் சிலம்பு விற்கத் தேடிப் போகிற பொற்கொல்லன், அரசியின் சிலம்பைத் திருடிய அதே ஆளாக இருக்கிறான். விசாரிக்க வேண்டிய அரசன் விசாரிக்கவில்லை. ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்று இளங்கோ அதற்குக் காரணம் சொல்கிறார். பின்னர் மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்ற வணிகனைக் கொல்வித்த கதையைச் சொல்லி எல்லாக் கணக்கையும் தீர்க்கிறது. ஊழ் என்பது அங்கே ஒட்டுப்போட வந்த சொல்லன்று. பதிகத்திலேயே அறிவித்துவிட்டு அதன்மேல் கட்டிய காப்பியம் அது. ஆனால், கவனியுங்கள், அந்தக் காப்பியத்தில் சூழ்ச்சிக்காரத் தெய்வம் என்று எவருமில்லை. இருக்கவும் முடியாது. ‘ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று சூழினுந் தான்முந் துறும்’ என்கிற குறளில் ஊழும் சூழ்தலும் எதிரெதிரே நிற்கின்றன. சூழ்ச்சி என்ற சொல் பிறந்ததே அந்தச் சூழ்தலிலிருந்துதான். ஊழ் ஆளுகிற உலகில் ஒரு தெய்வம் எழுபது ஆண்டுகள் சூழ்ந்தாலும் அது கந்தோரில் கோப்புத் தூக்குகிற பியோனைப் போலத்தான், கையெழுத்து வேறொருவருடையது. எனக்குக் கழிமுகத் தெய்வம் பொறுப்பாளியாக வேண்டும். அந்த இரவில் இறந்தவர்களுக்கு அது பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே, ஊழை என் கதைக்குள் விடவில்லை.

பொற்கொல்லனின் தற்செயல் ஊழில்லாமலே பாதி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். திருட்டைத் தலையில் சுமந்துகொண்டு யார்மேல் இறக்கலாமென்று அலைகிறவன் அவன். கோவலன் வந்திராவிட்டால் வேறொருவன் மாட்டியிருப்பான். அரிஸ்ரோட்டில் தமது கவிதையியலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்: ஆர்கோஸ் நகரில் மித்திஸ் என்பவனைக் கொன்றவன்மீதே மித்திஸின் சிலை விழுந்து அவன் இறந்தான். சிலை விழுந்தது தற்செயல். ஆனால், சிலைக்கும் அவனுக்கும் இடையே முன்பே ஒரு கணக்கு இருந்தது. ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் 1754 ஆம் ஆண்டில் நமது தீவின் பழைய பெயரான செரண்டிப்பிலிருந்து ‘செரண்டிப்பிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லை உண்டாக்கியபோதும், தற்செயலோடு கூர்மதியும் சேர்ந்தால்தான் அது என்று விளக்கினார். (அதிர்ஷ்டத்துக்கு உலகம் எங்கள் நாட்டின் பெயரை வைத்திருப்பதை எண்ணிச் சிரிக்காத கொழும்புவாசி இருக்க முடியாது.)

என் மூக்குத்தி இந்தச் சோதனைகள் எதிலும் தேறவில்லை. இரண்டு மூக்குத்திகளுக்கும் இடையே முன்கணக்கு எதுவுமில்லை. தெய்வம் அதற்காகக் காத்திருக்கவுமில்லை. அவை ஒரேமாதிரி இருந்ததன் ஒரே காரணம், பதினெட்டாம் அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகி சிறைப்பட வேண்டியிருந்தது என்பதுதான். அது தெய்வத்தின் சூழ்ச்சியல்ல, நீங்கள் சொன்னதுபோல என் வசதி. இரண்டு பெண்களும் முன்பு ஒரே தட்டாரிடம் வேலை செய்வித்தவர்கள் என்று ஒரு வரி சேர்த்து மெழுகிவிடலாமா என்று முதலில் யோசித்தேன். வாசிக்கிறவருக்கு அந்த வரி ஒட்டுத்துணியாகவே தெரியும்.

காற்றைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கெடுக்கிற தற்செயலை வாசகர் ஏற்பார், காப்பாற்றுகிற தற்செயலை ஏற்கமாட்டார் என்று கதை எழுதுகிறவர்களிடையே ஒரு விதி புழங்குகிறது. நல்ல விதிதான். ஆனால், நாவலின் நான்காம் அத்தியாயத்திலிருந்து ஒரு கிழவி கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டே வருகிறாள். வாடை விழுகிற நாளுக்கு ஒரு முடிச்சு, சோளகம் எழும்புகிற நாளுக்கு ஒரு முடிச்சு. இப்படி நாற்பது ஆண்டுகள். அந்த ஊரில் காற்று எப்போது திரும்பும் என்று அவளுக்கு மட்டும் தெரியும். கடைசி இரவில் வள்ளங்களைக் கரையேற்றாமல் நிறுத்தச் சொல்கிறவளும் அவள்தான்.

இதையும் நளனிடமிருந்தே எடுத்தேன். கலி, துவாபரம் என்பவை யுகங்களின் பெயர்களாவதோடு சூதாட்டத்தின் வீச்சுகளுக்கும் பெயர்கள். கலி என்பது தோல்வி வீச்சு. ஆக, நளனைப் பிடித்திருந்தவன் துரதிர்ஷ்டத்தை அனுப்புகிற தெய்வமல்லன், துரதிர்ஷ்டமே அவன்தான். அவன் எப்படி வெளியேறுகிறான்? தேரில் போகும் வழியில், நளன் தேரோட்டியாக இருந்த அரசன் இருதுபன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த பார்வையிலேயே அதன் காய்களின் கணக்கைச் சொல்கிறான். நளன் நம்பாமல் இறங்கி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. தன் குதிரை வித்தைக்கு ஈடாக அந்த எண்ணும் வித்தையைப் பெற்றுக்கொண்டதும், கலி நஞ்சைக் கக்கிக்கொண்டு அவன் உடலை விட்டு வெளியேறி அந்தத் தான்றி மரத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறான். பழங்காலத்தில் சூதாடியது தான்றிக்காய்களை வைத்துத்தான் என்பதை நினைத்தால் அந்தக் காட்சி இன்னும் ஆழமாகிறது. தெய்வம் பன்னிரண்டு ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தது. மனிதனும் எண்ணக் கற்றுக்கொண்டதும் அதற்கு அவனுக்குள் இடமில்லாமற்போகிறது. கிழவியின் கயிறு அந்தத் தான்றி மரத்தின் கிளைதான்.

அந்தக் கயிற்றை நீங்கள் கவனிக்கவில்லை என்றால், உங்களைப் போலக் கூர்மையாக வாசிக்கிறவரே தவறவிடும் அளவுக்கு அதை நான் மெல்லியதாக எழுதியிருக்கிறேன் என்றும் கொள்ளலாம். இரண்டாம் பதிப்புக்காகப் பதினெட்டாம் அத்தியாயத்தை இந்த வாரம் திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூக்குத்தி போய்விட்டது. கதாநாயகி எப்படிச் சிறைப்படுகிறாள் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெட்டிய மூன்று அத்தியாயங்களையும் மீண்டும் எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் இரண்டாவதில் வள்ளக்காரனின் மனைவியிடம் கதாநாயகி பட்ட ஒரு சிறு கடன் இருக்கிறது. அதைத் தெய்வமும் பார்த்திருக்கக் கூடும்.

அன்புடன்,
கொழும்பு