தம்பிக்கு மறுமதிப்பீடு: மாத்திரையை நிறுத்தாதீர்கள், பழைய ஓ.பி. சீட்டைத் தேடுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. 12 ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறான். 45 சதவீத இயலாமை என்று தற்காலிக மாற்றுத்திறனாளிச் சான்று இருக்கிறது. அதை வைத்து மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை வருகிறது. சான்றின் காலம் முடியப் போகிறது. தெருவில், "கை கால் நல்லாத்தானே இருக்கு, கடைக்குப் போறான் வர்றான், இவனுக்கு எதுக்கு இந்தப் பணம்?" என்று காதுபடவே பேசுகிறார்கள். பரிசோதனை முன்பைவிடக் கடுமையாகிவிட்டது என்கிறார்கள். "பத்து நாள் மாத்திரையை நிறுத்திட்டுக் கூட்டிட்டுப் போ" என்கிறார் சித்தப்பா. என்ன செய்யலாம்? – தஞ்சாவூர் மாவட்ட வாசகி

பதில்: முதலில் சித்தப்பா சொன்னதை விட்டுவிடுங்கள். மனச்சிதைவு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். திரும்பினால், பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகலாம். சிலர் முழுதாக வருவதே இல்லை. தம்பி சாப்பிடுவது குளோசபின் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால், விட்ட அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். இத்தனை ஆபத்தும் தேவையே இல்லை. மருந்து சாப்பிட்டும் மிச்சமிருக்கும் இயலாமையைத்தான் மருத்துவர் அளக்கிறார். நோய் முற்றிய கோலத்தில் யாரும் போய் நிற்க வேண்டியதில்லை.

எதை அளக்கிறார் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மனநோய்க்கு இந்தியாவில் பயன்படுவது ஐடியாஸ் என்ற அளவுகோல். 2002-இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. தன்னைத்தானே பேணுதல், மனிதர்களோடு பழகுதல், பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று அதில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சிரமம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். இதோடு நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு: 2 ஆண்டுக்குள் என்றால் 1, 2 முதல் 5 ஆண்டு வரை 2, 6 முதல் 10 வரை 3, 10 ஆண்டைத் தாண்டினால் 4. ஆக மொத்தம் 20. கூட்டுத்தொகை 7-ஐத் தொட்டால்தான் 40 சதவீதம். 7 முதல் 13 வரை மிதமான இயலாமை. 6-இல் நின்றுவிட்டால் 40-க்குக் கீழே.

உங்கள் தம்பி கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு பகுதிகளிலும் சேர்த்து 3 மதிப்பெண்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் 12 ஆண்டு என்பதற்குக் காகிதம் இருந்தால் அதற்கு 4. மொத்தம் 7, உதவித்தொகைக்கான வரம்புக்குள் வந்துவிடுவார். கடைசி மூன்று வருடச் சீட்டை மட்டும் எடுத்துப் போனால், மருத்துவர் கையில் இருக்கும் ஆதாரத்தின்படி 2-தான் போட முடியும், மொத்தம் 5. அதே ஆள், அதே நோய், பழைய சீட்டு இல்லாததால் மட்டும் உதவி போய்விடும். மறுமதிப்பீட்டில் சதவீதம் குறைந்தவர்களில் பலருக்கு நோய் குறைந்திருக்காது, ஃபைல்தான் மெலிந்திருக்கும். ஆகவே முதன்முதலில் காட்டிய மருத்துவமனையின் ஓ.பி. சீட்டு, உள்நோயாளியாக இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சுருக்கம், மாவட்ட மனநலத் திட்ட முகாமில் மருந்து வாங்கிய நோட்டு எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். தொலைந்திருந்தால் மருத்துவமனையின் பதிவறைக்கு எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால் இன்றே தொடங்குவது நல்லது.

அடுத்தது, கூடப் போகிறவர் பேசும் பேச்சு. மனநோயில் நோயாளி சொல்வதை மட்டும் வைத்து மதிப்பெண் போடுவதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்கிறவரையும் கேட்பார்கள். பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறது. "எப்படி இருக்கீங்க?" என்றதும் தம்பி "நல்லா இருக்கேன் சார்" என்பார். அப்பாவும் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "எல்லாம் அவனே பண்ணிக்குவான்" என்பார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு பக்கம், "ஒண்ணுமே பண்ண மாட்டான், சுத்தமா ஒண்ணும் தெரியாது" என்று கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு. எதிரே இருப்பவர் சட்டை பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லும்போது அந்தப் பேச்சு எடுபடாது. அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையையும் மருத்துவர் சந்தேகமாகவே கேட்பார்.

அதனால் ஒரு பக்கத் தாளில் அந்த நான்கு தலைப்புகளையும் எழுதி, கீழே நடந்ததை நடந்தபடி, எண்ணிக்கையோடு எழுதிக்கொண்டு போங்கள். இப்படி:

"குளிக்கச் சொன்னால்தான் குளிப்பார், வாரத்தில் நான்கு நாள் இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். மாத்திரையை அம்மா கையில் கொடுத்து, விழுங்கும்வரை நிற்க வேண்டும். கடைக்குப் போவார், சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாங்கி வருவார். மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது. கல்யாணம், கருமாதிக்கு வருவதில்லை. சொந்தக்காரர் வந்தால் உள்ளே போய்விடுவார். மூன்று இடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டோம். எதிலும் ஒரு மாதம் தாண்டவில்லை."

இது மாதிரிக்குத்தான், உங்கள் தம்பியின் நடப்பு எதுவோ அதை எழுதுங்கள். செய்ய முடிகிறதா என்பதோடு, யாராவது சொல்லாமல் செய்கிறாரா, முழுதாக முடிக்கிறாரா, ஆகவேண்டிய நேரத்துக்குள் முடிக்கிறாரா என்பதையும் எழுத வேண்டும். அவரால் முடிகிறதையும் மறைக்காமல் எழுதுங்கள். கடைக்குப் போவதை நீங்களே எழுதியிருந்தால், யாரும் பின்னால் புகார் மனுவில் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் தம்பி முன்னால் உரக்கச் சொல்லாதீர்கள். தாளை மருத்துவரிடம் கொடுத்து, "கொஞ்சம் தனியாகப் பேசலாமா?" என்று கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். எதற்காகப் போகிறோம், என்ன கேட்பார்கள் என்பதைத் தம்பிக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். தன்னைப் பற்றிய முடிவு அவருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. திடீரென்று கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கும் பதற்றம் கூடும்.

"கடுமையாகிவிட்டது" என்ற பேச்சுக்கு வருகிறேன். 2024 ஜூலையில் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் மீது போலிச் சான்று குற்றச்சாட்டு எழுந்து, அவருடைய தேர்வையே யு.பி.எஸ்.சி. ரத்து செய்ததிலிருந்து, வெளியே தெரியாத ஊனத்தை எல்லாரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள். சரிபார்ப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது; போலி ஒருவர் வாங்கும் இடம் உண்மையான ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்ட இடம். ஆனால் தெருவில் நின்று நடையைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு சரிபார்ப்பு ஆகாது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. 1995-இன் பழைய சட்டத்திலேயே அது இருந்தது. நாளொன்றுக்கு 50 ரூபாய் வரும் ஒரு தொகைக்காக ஒரு குடும்பம் தெருவில் தலைகுனிந்து போக வேண்டியிருப்பது அநியாயம்.

2024 அக்டோபரில் அந்தச் சட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டன. விண்ணப்பம் யுடிஐடி என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைத் தளத்தின் வழியாக. சான்று தர மருத்துவ வாரியத்துக்கு முன்பு ஒரு மாதம் அவகாசம் இருந்தது, இப்போது மூன்று மாதம். விண்ணப்பித்துவிட்டு இரண்டு ஆண்டு பரிசோதனைக்குப் போகாவிட்டால் விண்ணப்பம் செயலிழந்துவிடும், புதிதாகப் போட வேண்டும். 40 சதவீத வரம்பு அப்படியேதான் இருக்கிறது.

அந்த மூன்று மாதத்தைக் கணக்கில் வைத்து, சான்று முடிவதற்கு நான்கு ஐந்து மாதம் முன்பே இ-சேவை மையத்திலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரிலும் பழைய சான்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னெழுத்து மாறியிருந்தாலே இழுத்தடிக்கும். ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் வேண்டும். கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும், பரிசோதனைத் தேதி அதில்தான் வரும். இடையில் பணம் நின்றால், விண்ணப்ப ஒப்புகையின் நகலோடு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். அங்கே வேலை நடக்காவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவ வாரியம் சதவீதத்தை மட்டும் சொல்லும். குடும்ப நிலை, வசிப்பிடம் இவற்றை வருவாய்த் துறை தனியாக விசாரிக்கும். கிராம நிர்வாக அலுவலர் வந்து வீட்டைப் பற்றிக் கேட்டால், தம்பியின் நோயைச் சந்தேகிக்கிறார்கள் என்று பதற வேண்டாம்.

சதவீதம் 40-க்குக் கீழே போய்விட்டால்? இப்போதைய மஞ்சள் நிற அடையாள அட்டைக்குப் பதில், 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கான வெள்ளை அட்டை வரும், உதவித்தொகை நின்றுபோகும். இதுவரை செல்லுபடியான சான்றின்பேரில் வாங்கிய பணம் மோசடி ஆகாது. 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவு, ஏமாற்றிச் சலுகை பெறுகிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நோய் கொஞ்சம் தேறியவருக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. முடிவு தவறு என்று பட்டால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு, ஐடியாஸ் மதிப்பெண் தாளின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். நோய்க்கால மதிப்பெண் குறைவாக விழுந்திருந்தால், பழைய சீட்டுகளைக் காட்டி அந்த ஒரு எண்ணையே குறிப்பிட்டு எழுதலாம். "எங்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று பொதுவாக எழுதும் மனுவைவிட இது வலுவாக நிற்கும்.

பக்கத்து வீட்டாருக்கு நீங்கள் மருத்துவ விளக்கம் தரக் கடமைப்படவில்லை. "டாக்டர்கள் பார்த்துத்தான் கொடுத்திருக்காங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே தம்பியை இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ அது அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதத்திலிருந்து 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முதல் தடவையிலேயே போலீசுக்குப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று பெரியவர் ஒருவரை வைத்துச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தேதி, இடம், சாட்சி எழுதி வைத்துப் புகார் கொடுங்கள்.

புதிய சான்று வந்ததும் மூன்றைப் பாருங்கள்: சதவீதம், பெயர் எழுத்து, எந்தத் தேதிவரை செல்லும் என்பது. மறுபடியும் தற்காலிகச் சான்றே என்றால், அந்தத் தேதிக்கு ஐந்து மாதம் முந்தைய நாளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். இனி வாங்கும் ஒவ்வொரு ஓ.பி. சீட்டையும் அதே ஃபைலில் போடுங்கள்.