‘ஓ.டி.’ என்றால் ஒரு வேளையா, வலது கண்ணா?

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்கு 4 வயது, எடை 10 கிலோ. வலது கண் கருவிழியில் புண், வயிற்றுத் தோலில் சீழ்க் கொப்புளங்கள். கால்நடை மருத்துவர் சீட்டில் எழுதியது: ‘டோப்ராமைசின் சொட்டு, 1 ஜி.டி.டி., ஓ.டி., க்யூ8ஹெச்’, ‘செஃபாலெக்சின் 250 மி.கி. கேப்சூல், 1, பி.ஐ.டி., பி.ஓ., 14 டி’. ‘மெலாக்சிகாம் சிரப் 1.5 மி.கி./மி.லி., .6 மி.லி., எஸ்.ஐ.டி., பி.சி., 3 டி’. மெடிக்கலில் கண் சொட்டு தினம் ஒரு வேளை, சிரப் 6 மி.லி. இரண்டு வேளை என்று கவரில் எழுதித் தந்தார்கள். அப்படியே கொடுக்கலாமா? இன்னும் எதையும் ஆரம்பிக்கவில்லை.

பதில்: ஆரம்பிக்காதது நல்லதாயிற்று. முதலில் சிரப்பைத் தள்ளி வையுங்கள். மருத்துவர் எழுதியது நாளைக்கு 0.6 மி.லி.; கவரில் இருப்பதோ நாளைக்கு 12 மி.லி. சரியாக 20 மடங்கு. மெலாக்சிகாம் நாய்க்குக் கிலோவுக்குச் சுமார் 0.1 மி.கி. என்ற கணக்கில் போகும் வலி, வீக்க மருந்து. 0.6 மி.லி.யில் 0.9 மி.கி. இருக்கிறது, 10 கிலோ நாய்க்கு அது பொருத்தம். 12 மி.லி.யில் 18 மி.கி. போனால் இரைப்பையில் புண், ரத்த வாந்தி, கறுப்பு மலம், சிறுநீரகச் சேதம் வரை போகும். இதைப் படிக்கும் வேறு யாராவது இப்படிக் கூடுதலாகக் கொடுத்துவிட்டிருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் கொடுத்த அளவையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு பிழைகள் இங்கே சேர்ந்துவிட்டன. ஒன்று, புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாதது. ‘.6’ என்று அவசரமாக எழுதினால் புள்ளி காணாமல் போய் 6 ஆகிவிடும். இதில் தவறு எழுதியவர் பக்கம்தான். ‘5.0’ என்று எழுதினால் 50 ஆவதும் இதே கதை. இன்னொன்று, ‘எஸ்.ஐ.டி.’ நாளைக்கு ஒரு வேளை என்று பொருள் தரும் இந்தக் குறியீடு ஏறக்குறைய கால்நடை மருத்துவர்கள் மட்டுமே எழுதுவது. மனிதர்களுக்கான சீட்டில் அதற்கு ‘ஓ.டி.’ என்றுதான் இருக்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு ‘எஸ்’ எழுத்து ‘பி’ போலத் தெரிந்து, ‘பி.ஐ.டி.’ ஆகி, இரண்டு வேளை என்று கவரில் ஏறிவிடுகிறது.

சிரப்பை நன்றாகக் குலுக்கிவிட்டு, ஊசி கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சில் 0.6 கோடு வரை எடுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம். அதில் இருப்பது யூனிட் கோடு, மி.லி. அல்ல. ‘பி.சி.’ என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு, ‘ஏ.சி.’ என்றால் முன்பு. இந்த மருந்தில் அதை விட்டுவிட முடியாது: நாய் அன்று சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் சிரப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இனி கண் சொட்டு. நம் ஊர் மெடிக்கலில் ‘ஓ.டி.’யைப் பார்த்ததும் ஒரு வேளை என்று கை தானாக எழுதிவிடும். கண் மருந்து வரியில் அது வலது கண். இடது கண் ‘ஓ.எஸ்.’, இரண்டு கண்ணும் ‘ஓ.யு.’ ‘ஜி.டி.டி.’ என்றால் சொட்டு. உங்கள் சீட்டில் ‘க்யூ8ஹெச்’ என்று தனியாக நேரம் இருப்பதால் சந்தேகமே இல்லை: வலது கண்ணில் 1 சொட்டு, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்ளலாம். கருவிழிப் புண்ணுக்குத் தினம் ஒரே சொட்டு போதாது. நேரம் எதுவும் எழுதாமல் வெறும் ‘ஓ.டி.’ மட்டும் இருந்தால் ஊகிக்க வேண்டாம், போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பாட்டிலையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பல பிராண்டுகளில் பெயருக்குப் பின்னால் ‘டி’ என்ற ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் டோப்ராமைசினுடன் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கருவிழிப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் ஆறுவது தடைபடும், புண் ஆழமாகிக் கருவிழி ஓட்டையாகவும் கூடும். சீட்டில் இல்லாத எழுத்து பாட்டிலில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வலி மாத்திரைகளில் வரும் ‘பி’ பெரும்பாலும் பாராசிட்டமால். பூனைக்கு அது விஷம். ‘எஸ்.ஆர்.’ என்று முடிவது மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை, அதைப் பொடித்துச் சோற்றில் கலந்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

கேப்சூலில் குழப்பம் இல்லை. ‘பி.ஐ.டி.’ இரண்டு வேளை, ‘பி.ஓ.’ வாய் வழியாக, ‘14 டி’ 14 நாள். கிலோவுக்கு 25 மி.கி. வருகிறது, சரியான அளவு. காலை 8, இரவு 8 என 12 மணி நேர இடைவெளியில், சாப்பாட்டோடு கொடுத்தால் வாந்தி குறையும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. கொப்புளம் 5 நாளில் காய்ந்துவிட்டாலும் 14 நாளையும் முடியுங்கள்.

மற்றபடி அடிக்கடி கண்ணில் படுபவை: ‘டி.ஐ.டி.’ அல்லது ‘டி.டி.எஸ்.’ மூன்று வேளை, ‘ஈ.ஓ.டி.’ ஒருநாள் விட்டு ஒருநாள், ‘எஸ்.ஓ.எஸ்.’ அல்லது ‘பி.ஆர்.என்.’ தேவைப்பட்டால் மட்டும், ‘எஸ்.சி.’ தோலுக்கடியில், ‘ஐ.எம்.’ தசையில் போடும் ஊசி. ‘தேவைப்பட்டால்’ என்று இருந்தால், எதைப் பார்த்துக் கொடுப்பது, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை என்ற இரண்டையும் கேட்டு வாங்காமல் கிளினிக்கை விட்டுக் கிளம்பாதீர்கள்.

இன்றைக்கே மருத்துவருக்கு போன் செய்து, சிரப்பின் அளவையும் வேளையையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பிறகு கவரில் இருப்பதை அடித்துவிட்டுத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இன்னொருவர் மருந்து கொடுக்கும் நாளில் பழைய ‘6 மி.லி.’ கண்ணில் படக் கூடாது.