இஞ்சினைக் கழற்ற முதல் ஒரு கடிதம் போடுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் பழைய டீசல் டபுள் கப் ஒன்று லீசிங்கில் எடுத்தேன். 3000 சிசி இஞ்சின். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தது. இரண்டு மாதம்தான் ஆகிறது. தம்புள்ளைக்கு வெங்காயம் ஏற்றிப் போகையில், வவுனியா தாண்டியதும் ஒயில் விளக்கு எரிந்து இஞ்சின் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. விற்றவர் 'பார்த்துத்தானே வாங்கினீங்கள்' என்கிறார். காசைத் திருப்பி வாங்கலாமா? ஆஸ்திரேலியாவில் டொயோட்டாமேல் வழக்குப் போட்டு வென்றார்களாம் என்கிறான் தம்பி. (சுன்னாகம் வாசகர்)

பதில்: முழுக்காசும் வருமென்று நம்பியிருக்க வேண்டாம். வாகனத்தைப் பொறுப்பெடுத்து இரண்டு மாதம் சுமை ஏற்றிய பிறகு, அதை ஏற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்கும். நட்டஈடு வேறு விடயம். திருத்தச் செலவைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது.

விற்றவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பனையாளரைப் பிடிக்க முடியாது. சோதித்தும் தெரிய வராத குறைக்கு அந்தச் சாட்டு எடுபடாது. வாகன வியாபாரமே தொழிலாக இருப்பவரிடம் வாங்கியதும் உங்களுக்குச் சாதகம். ஆக, வழக்கே இஞ்சினுக்குள் என்ன கிடக்கிறது என்பதில்தான் நிற்கிறது.

இந்த வகை டீசல் இஞ்சின் சிலவற்றில், டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வாஷர் கசியும். எரிந்த வாயு ஒயிலில் கலந்து கரியாகும். அந்தக் கரி, இஞ்சினுக்குக் கீழே ஒயில் தேங்கும் தொட்டியான சம்பின் அடியில் ஒயிலை உறிஞ்சும் வலையை அடைத்தால் ஒயில் மேலே ஏறாது, பெயாரிங் பிடித்துவிடும். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவருக்கு இது எங்கே தெரியப் போகிறது! உங்களுடையதும் இதுதானா என்பதைச் சம்பைக் கழற்றினால்தான் சொல்லலாம்.

ஆனால் இப்போதே கழற்ற விடாதீர்கள். கராஜ்காரர் அவசரப்படுத்துவார், இடம் அவருக்குத் தேவை, அவ்வளவுதான். முதலில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: இன்ன நாள், இன்ன கராஜில் திறக்கிறோம், வந்து பாருங்கள். அவர் வராவிட்டாலும் சுயாதீனமான வாகன மதிப்பீட்டாளர் ஒருவர் முன்னிலையில் திறந்து படம் எடுங்கள். அந்த வலை, வாஷர்கள், ஒரு போத்தல் பழைய ஒயில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒயில் மாற்றிய பில் இருந்தால் தேடி எடுங்கள். 'ஒயில் மாற்றாமல் ஓடினான்' என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் சொல்லும் கதை. வாங்கும்போது உங்கள் மெக்கானிக் ஏதாவது சத்தம் கேட்குது என்று சொல்லியிருந்தால் உங்கள் சட்டத்தரணியிடம் அதை மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் அவசரம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. அங்கே சரிவராவிட்டால் சிவில் வழக்கு. தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய்வர வேண்டியிருக்கும்.

தம்பி சொன்ன வழக்கு உண்மைதான். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்ற 264,170 டொயோட்டா டீசல் வாகனங்களின் புகை வடிகட்டிப் பிரச்சினை அது. 2022இல் அந்நாட்டுப் பெடரல் நீதிமன்றம் வாங்கியவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் அது அவர்களுடைய பாவனையாளர் சட்டம். உங்கள் பழைய வண்டிக்கு உதவாது.

லீசிங் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வாகனத்தை நிறுவனம் தூக்கிக்கொண்டு போகும், உங்கள் சாட்சியமும் அதோடு போய்விடும்.