ரெடிமேட் கோட்டையை வைத்து டி அண்ட் டி நடத்துவது சோம்பேறித்தனமா?

டி அண்ட் டி, அதாவது ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் அதில் பாத்திரங்களாக ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை, காசு கொடுத்து வாங்கிய கோட்டை, குகை, கிராமத்தை வைத்து நடத்தினால் அது டி.எம்.முக்கு (கதையை நடத்துகிற டன்ஜன் மாஸ்டருக்கு) அழகா, எல்லாவற்றையும் தானே எழுத வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழுவில் எவனோ ஒருத்தன் கிண்டல் செய்திருக்கிறான், அதுதானே? எங்கள் குழுவிலும் இருந்தான். அந்த ரோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

குமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து பேர் கூடுவோம். ஒருவன் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலிருந்து பைக்கில் வருவான், பழம்பொரி அவன் பொறுப்பு. முதல் ஆட்டத்துக்கு நான் இரண்டு மாதம் உட்கார்ந்து சொந்தமாக ஒரு நிலவறை எழுதினேன். நாற்பது பக்கம். மூன்று தலைமுறை ராஜவம்சம், சாபம், பாதாள ஆறு, எல்லாம் உண்டு. இவர்கள் வாசலில் ஓடிய ஆற்றைப் பார்த்துவிட்டுப் படகு கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்கும் என்று வாய்தவறிச் சொன்னேன். நேராகக் கீழே போய் மீன் வியாபாரம் ஆரம்பித்துவிட்டார்கள். நாற்பது பக்கமும் பீரோவில் கிடக்கிறது.

அப்புறம்தான் கேரி கைகாக்ஸ் எழுதி 1979-ல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற ரெடிமேட் ஆட்டப் புத்தகத்தின் பி.டி.எஃப். வாங்கினேன். எல்லையில் ஒரு கோட்டை, கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளம், பள்ளத்தின் இரண்டு பக்கமும் குகைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கூட்டம். (இவ்வளவு பழசா, இப்போது நல்லதாக எதுவும் வரவில்லையா என்று யாராவது வருவார்கள். 2014-ல் புதியவர்களுக்காக வந்த டி அண்ட் டி ஸ்டார்ட்டர் செட்டில் இருக்கும் ஃபண்டாலின் ஊர் நல்ல ஊர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.) முதல் நாள் சொதப்பினேன். அறை விவரத்தைத் தமிழாக்கி வரிவரியாக வாசித்தேன். பாறசாலைக்காரன் போனை எடுத்துவிட்டான்.

வீட்டில் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், அந்தக் கோட்டையில் ஒருத்தருக்கும் பெயர் இல்லை. கோட்டைத் தலைவர், பூசாரி, நகை வியாபாரி என்று வேலை மட்டும்தான் போட்டிருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து உதயகிரிக் கோட்டை ஞாபகத்துக்கு வந்தது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், அதே ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாகி, கடைசியில் அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்தது. பெயரில்லாத கோட்டைத் தலைவரை இவராக்கிவிட்டேன். தோற்றுப்போய்ச் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாத ஆள், ஜெயித்த ராஜாவுக்கு வேலை பார்க்கிறார். உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறையும் வைத்தேன், உதயகிரியில் இருந்ததுதான். இவ்வளவுதான் நான் சேர்த்தது, மொத்தம் ஒரு பக்கம் வராது. இவர்கள் மூன்று வாரம் கோட்டையை விட்டு வெளியே வரவில்லை!

இது எப்படிக் காப்பி ஆகும்? அதே காலத்தில் வந்த 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்' என்ற இன்னொரு ரெடிமேட் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அறையில் என்ன பூதம், என்ன புதையல் என்று எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, தனியாகப் பட்டியல் கொடுத்து, நீயே நிரப்பிக்கொள் என்றுதான் அச்சடித்து விற்றார்கள். எழுதினவர்களே இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். கோட்டையில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் சிரித்த முகத்துப் பூசாரி உண்மையில் எதிரியின் ஆள். எங்கள் கிண்டல் பேர்வழி இணையத்தில் படித்துவிட்டு வந்து, பூசாரி வாயைத் திறக்கும் முன்பே கத்தியை உருவினான். நான் அந்த நிமிடமே துரோகியை நகை வியாபாரியாக மாற்றிவிட்டேன். பாவம், பூசாரி நிரபராதியாகச் செத்தார். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஆன்லைனில் வேறொரு குழுவிலும் கொஞ்ச நாள் டி.எம்.மாக இருந்தேன். "தோல்பையில் வெள்ளம் தீர்ந்துவிட்டது" என்றேன். உடனே ஒருவர் "சார், நீங்க மலையாளியா?" என்றார். இன்னொருவர் பைக்குள் எப்படி வெள்ளம் வரும் என்று சிரிக்கிறார். எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்போம் ஐயா, அதற்கு நான் என்ன செய்ய? தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எங்கள் தாத்தாமார் 1954-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு வாங்கினார்கள், 1956 நவம்பர் 1-ல் சேர்ந்தோம், இன்னும் அடையாள அட்டை கேட்கிறார்கள். அந்தக் குழுவை விட்டுவிட்டேன்.

சரி, உங்கள் விஷயம். வாங்குங்கள், தைரியமாக வைத்து நடத்துங்கள். வரைபடத்தை மாற்ற வேண்டாம். அதில்தான் எனக்குத் தெரியாத உழைப்பு இருக்கிறது, எந்தக் குகைக்குள் போனால் எந்தப் பக்கம் வெளியே வரலாம் என்பதையெல்லாம் நானே போட்டால் வாரக்கணக்கில் ஆகும். ஆட்களை மட்டும் உங்கள் ஊரிலிருந்து எடுங்கள். சம்பளத்தகராறும் பங்காளிச் சண்டையும் எந்த ஊரில் இல்லை?

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காப்ளின் என்ற குட்டிப் பூதங்களைத் தாக்கினால் அவை ரகசியக் கதவு வழியாக 250 பொற்காசு மூட்டையை அடுத்த அறையில் இருக்கும் ஓகர் என்ற அரக்கனுக்கு எறியும், அவன் கூலிக்கு வந்து அடிப்பான். நான் இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பாறசாலைக்காரன் கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டு, "லேய், நாம 300 தாறோம்னு சொல்லு" என்றான். ஓகர் இப்போது எங்கள் கோட்டை வாசலில் காவலுக்கு நிற்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஓணத்துக்குப் போனஸ் கேட்டான்.