ஓக்லாந்து ஏ'ஸ் அணியை அதன் ஊர் கைவிட்டதா?

ரசிகர்கள் மைதானத்துக்கு வராததால்தானே கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து ஏ'ஸ் பேஸ்பால் அணி ஊரைவிட்டுப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். அந்த இருக்கைகளில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஊர் கைவிடவில்லை.

நான் ஓக்லாந்துக்காரன் அல்லன், பக்கத்து ஊரான ஃப்ரீமாண்டில் வசிப்பவன். உனக்கென்ன அக்கறை என்று யாராவது கேட்கக்கூடும். 2006இல் இதே அணி எங்கள் ஃப்ரீமாண்டுக்கு வருவதாக அறிவித்து, 2009இல் அதையும் கைவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கும் விருந்தாளியிடம் வீட்டார் எவ்வளவு காலம்தான் ஒட்டுதலோடு இருக்க முடியும்? போதாக்குறைக்கு, 2022 மார்ச்சில் மேட் ஓல்சன், மேட் சாப்மன் என்ற முன்னணி ஆட்டக்காரர்கள் இருவரையும் சில நாள் இடைவெளியில் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு 102 தோல்விகள், அடுத்த ஆண்டு 112.

2023 ஜூன் 13 அன்று, புறக்கணிப்பதற்குப் பதிலாகத் திரண்டு வந்து, அணி ஊரைவிட்டுப் போகும் திட்டத்துக்கு எதிர்ப்பைக் காட்டுவது என்று ரசிகர்கள் முடிவெடுத்தபோது, என் பத்து வயது மகனை அழைத்துச் சென்றேன். ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குச் செல்லும் நடைபாலத்தை அன்றுபோல் நெரிசலாக நான் பார்த்ததில்லை. வாகன நிறுத்துமிடத்தில், உரிமையாளர் ஜான் ஃபிஷரை நோக்கி 'விற்றுவிடு' என்ற ஒற்றைச் சொல் அச்சிட்ட பச்சைச் சட்டைகளை ரசிகர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். மகனுக்கு அது முழங்கால்வரை தொங்கியது. வந்தவர்கள் 27,759 பேர். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது பேசி வைத்தபடி எல்லோரும் வாய்மூடி நின்றோம். வலப்பக்க இருக்கைகளில் எப்போதும் ஒலிக்கும் முரசுகளும் ஓய்ந்தன. பிறகு 'அணியை விற்றுவிடு' என்று எழுந்த முழக்கத்தில் மகன் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். டாம்பா பே அணியை 2–1 என வென்றோம். அது தொடர்ந்து ஏழாவது வெற்றி.

மைதானம் பழையது, கழிவுநீர் பொங்கியது, அதைப் பேசாமல் விடுகிறாயே என்பவர்களுக்கும் பதில் உண்டு. அது உண்மைதான், அதற்காகத்தான் துறைமுகத்தையொட்டிப் புதிய மைதானம் கட்ட நகராட்சி ஆண்டுக்கணக்கில் பேச்சு நடத்தியது. ஆனால் அணி லாஸ் வேகஸுக்கு இடம்பெயர மற்ற அணிகளின் உரிமையாளர்கள் 2023 நவம்பரில் ஒருமனதாக ஒப்புதல் அளித்துவிட்டார்கள். வாரியர்ஸ் கூடைப்பந்து அணியும் ரெய்டர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியும் ஏற்கெனவே போய்விட்ட ஊருக்கு மிஞ்சியிருந்த பெரிய அணி இது ஒன்றுதான்.

2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்தோம். ஆட்டம் முடிந்ததும் ஊழியர் ஒருவர் தடுப்புக் கம்பியருகே வந்து கைப்பிடி மண்ணை அள்ளி நீட்ட, மகன் காலியான வேர்க்கடலைப் பையில் வாங்கிக்கொண்டான். லாஸ் வேகஸ் மைதானம் தயாராகும்வரை அந்த அணி, பெயரில் எந்த ஊரையும் சேர்க்காமல், சாக்ரமெண்டோவில் ஆடுகிறது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். இதுவரை நாங்கள் போகவில்லை.